கடைசி ரெண்டு பெஞ்சு

“...கடைசி ரெண்டு பெஞ்சு மட்டும் சத்துணவுக் கூடத்துல போயி உக்காரட்டும்க்கா. ஒரு மணி நேரந்தானே. யாரு சாவப் போறாங்க?”

எங்கள் பி.எட். கல்லூரியின் விரிவுரையாளர் இதைச் சொன்னது விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில், ஸ்ரீமுஷ்ணம் பஸ் வந்து நிற்கிற இடத்தில், கையில் டீ கிளாஸோடு. என்னைவிடப் பத்து வயது சின்னவர். வகுப்பில் நான் அவருக்கு “ஏம்மா”, பஸ் ஸ்டாண்டில் “அக்கா”. அவர் எனக்கு எங்கேயும் “மேடம்”தான். மறுநாள் எனக்குச் செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளர் வருவார். பயிற்சிக்குப் போகிற பள்ளிக்கூடத்தில் நான் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்த வேண்டும், அவர் பின்னால் உட்கார்ந்து பார்த்து மார்க் போடுவார். அதில் தவறினால் படித்த இரண்டு வருடமும் அந்தரத்தில் நிற்கும். நாற்பதைத் தாண்டியவளுக்கு இன்னொரு வருடம் கேட்க வீட்டிலும் வாய் கிடையாது, லீவு வாங்கியிருந்த பொம்மை கம்பெனியிலும் கிடையாது.

“பாக்கலாம் மேடம்” என்றேன்.

எங்கள் பக்கத்தில் ‘பாக்கலாம்’ என்றால் மாட்டேன் என்று அர்த்தம். மேடமும் எங்கள் பக்கத்துக்காரர்தான். டீ கிளாஸைக் கடைக்காரர் மேசையில் ‘டக்’கென்று வைத்தார்.

“இந்தப் பாக்கலாம்லாம் எங்கிட்ட வேணாம்க்கா. போன வருஷம் ஒருத்தி கிளாஸ்ல ஒரு பையன் கொட்டாவி விட்டான்னு மார்க்கக் கொறச்சாங்க. அதுக்கு மேனேஜ்மெண்ட்ல என்னையக் கூப்ட்டு நிக்க வச்சாங்க. நான் பர்மனண்டும் கெடையாது. எனக்கும் வூட்ல ரெண்டு புள்ளைங்க இருக்குது.”

பஸ் வந்தது. ஏறிவிட்டார். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, “செட் பண்ணிருங்கக்கா” என்று இரண்டு கையாலும் கும்பிடுகிற மாதிரி காட்டினார்.

‘கிளாஸ் செட் பண்றது’ என்றால் என்ன என்று வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டும். தேர்வு நாளில் எந்தப் பாடத்தை நடத்தப் போகிறோமோ அதை முந்தின வாரமே அதே பிள்ளைகளுக்கு நடத்திவிடுவது. ஒரு முறை அல்ல, அவர்களுக்கே சலித்துப்போகும் வரை. முதல் கேள்விக்கு நீ எழுந்திரு, இரண்டாவதுக்கு நீ, மூன்றாவதுக்கு ஜன்னல் பக்கத்துப் பெண் என்று ஆளுக்கொரு பதிலைப் பங்கு போட்டுக் கொடுப்பது. என்ன செய்தாலும் பதில் ஏறாத பிள்ளைகளை அன்றைக்கு மட்டும் கண்ணுக்கு மறைவாக அனுப்பிவிடுவது. அவர்கள் போனதும் காலியாகிற கடைசி பெஞ்சில்தான் தேர்வாளர் வந்து உட்காருவார். வருடா வருடம் அப்படித்தான். யாரும் தப்பென்று நினைத்ததில்லை. தேருக்கு வடம் பிடிக்கிற மாதிரி, எல்லோரும் கை கொடுக்கிற வேலை அது.

நான் படித்து வந்த வழி நேர் வழி இல்லை. எட்டாம் வகுப்பில் இருக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. கடைசி பெஞ்சுக்காரர்களான எங்களை மைதானத்துக்குப் பின்னால் புல் பிடுங்க அனுப்பினார்கள். அதிகாரி போய் வெகுநேரம் ஆகியும் எங்களைக் கூப்பிட ஒருவரும் வரவில்லை. மறந்துவிட்டார்கள். மணி அடித்த பிறகு நாங்களாக வந்து பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அன்றைக்கு எங்களுக்கு ‘ஆஜர்’ போட்டிருந்தது. அந்த ஆண்டே பீங்கான் பொம்மை கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டேன். பொம்மைக்குக் கண் வரைகிற வேலை. பொம்மைகளைச் சுற்றி அடுக்கப் பழைய செய்தித்தாள் கட்டுக்கட்டாக வரும். அதைப் படித்துப் படித்துத்தான் எனக்கு எழுத்து மறுபடி ஒட்டியது. சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொள்வார்: “பொம்மையப் பேப்பர்ல சுத்துன்னா, நீ பேப்பரப் பொம்மையிலேர்ந்து உருவிக்கிட்டு இருக்கியே!” தனித்தேர்வராகப் பத்தாவது, பன்னிரண்டாவது. பிறகு தபாலில் பி.ஏ. வரலாறு. பி.எட். மட்டும் தபாலில் முடியாது என்று நேரில் சேர்ந்தபோது வீட்டுக்காரர் சொன்னது: “படி, யாரு வேணாங்கறா. சோத்துக்கு மட்டும் டி.சி. குடுத்துறாத.”

கல்லூரியில் எல்லோருக்கும் ஒரே நிறச் சேலை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் நடுவில் அதே சேலையில் நான். கண்டக்டர் ஒருநாள், “என்னாங்க, பொண்ணு வூட்டுக்காரங்க எல்லாம் ஒண்ணா ஏறிட்டீங்க, மாப்ள எங்க?” என்றார். கல்லூரி எதிரே டீக்கடை வைத்திருந்தவர், சார்ட் சுருளும் சாப்பாட்டுக் கூடையுமாக நான் வருவதைப் பார்த்து, “ஒரு கையில பாடம், ஒரு கையில கொழம்பு. ரெண்டுல எது சிந்துனாலும் சொல்லுங்க, தொடைக்கத் துணி தரேன்” என்பார். இப்படி ஒரு வார்த்தை கிடைத்துவிட்டால் அன்று முழுக்க எனக்குப் பசிக்காது.

அங்கே முதலில் கற்றுக்கொடுத்தது நுண்ணிலைக் கற்பித்தல். நம்மோடு படிக்கிறவர்களையே சின்னப் பிள்ளைகளாக உட்கார வைத்து, ஐந்தாறு நிமிடம் பாடம் நடத்த வேண்டும். யார் என்ன பதில் சொன்னாலும் “வெரி குட்” என்று சொல்லி வாயைப் பழக்க வேண்டும். வலுவூட்டும் திறன் என்று அதற்குப் பேர். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. எட்டாவது வரைக்கும் எனக்கு ஒருத்தரும் வெரி குட் சொன்னதில்லை. ஆனால் ஒன்று உறுத்தியது. அந்த வகுப்பில் எல்லோருக்கும் பதில் தெரியும், தெரியாத மாதிரி நடித்தோம். தேர்வு வகுப்பில் பிள்ளைகளுக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி நடிக்க வைக்கிறோம். நிஜமாகத் தெரியாத ஒருவருக்கு நிஜமாகச் சொல்லிக்கொடுப்பது எந்த வகுப்பில்? மேடத்திடம் கேட்டேன். “வேலை கெடச்சதுக்கு அப்புறம்மா” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான்.

தேர்வு நாள் காலை நான் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தபோது, கடைசி இரண்டு பெஞ்சும் பையை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றது. நான் எதுவுமே சொல்லவில்லை.

“எங்க டீச்சர் போவணும்? போன வருஷம் சத்துணவுக் கூடம். அதுக்கு முந்தின வருஷம் வேப்பமரம்” என்றாள் ஓரத்துப் பெண். அந்தக் கும்பலுக்கு அவள்தான் தலைவி. வாய் கொஞ்சம் நீளம், எழுத்து கொஞ்சம் குட்டை.

“எங்கயும் போவ வேணாம். உக்காருங்க.”

“இல்ல டீச்சர், அஞ்சாங்கல்லு எடுத்தாந்துட்டோம்.” துப்பட்டா முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். பொறுக்கி எடுத்த உருண்டைக் கற்கள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் அல்ல. வெளியே அனுப்புவார்கள் என்று தெரிந்து, விளையாடச் சாமான் எடுத்து வைத்துக்கொண்டு வருகிற அளவுக்கு இந்தப் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிறோம். பாடத்தைவிட இதைத்தான் ஒழுங்காகப் பழக்கியிருக்கிறோம்.

“உக்காருன்னு சொன்னேன்.”

“வேணாம் டீச்சர்” என்றாள், பெரிய மனுஷி மாதிரி குரலை இறக்கி. “எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. உங்களுக்கு மார்க் போயிரும். நல்ல டீச்சர் நீங்க.”

“மார்க் எனக்குத்தானே போவுது? உனக்கு என்னா?”

பெஞ்சு முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சந்தேகமாக, பையைக் கழற்றாமலே உட்கார்ந்தார்கள்.

எனக்கு முன்னால் பக்கத்து வகுப்பில் வேப்பூரிலிருந்து வருகிற சின்னப் பெண்ணுக்குத் தேர்வு. என்னை ‘சித்தி’ என்று கூப்பிடும். ராத்திரி பகலாக வகுப்பை செட் பண்ணியிருந்தது. வராந்தாவில் மேடமும், ஜன்னல் ஓரமாக நானும் நின்று பார்த்தோம். தேர்வாளர் நரைத்த மீசைக்காரர், சாந்தமாகத்தான் இருந்தார். அந்தப் பெண் வணக்கம் சொல்லி வாயைத் திறந்ததும், “அறிமுகம்லாம் வேணாம்மா, நேரமில்ல. நேரா கடைசி மதிப்பீட்டுக் கேள்விக்குப் போயிடுங்க” என்றார்.

இங்கேதான் வந்தது வினை. பிள்ளைகளுக்குக் கேள்வி தெரியாது, வரிசைதான் தெரியும். முதல் கேள்வி எதுவானாலும் முதல் பையன் எழுந்திருப்பான், அறிமுகத்துக்கென்று அவனுக்குக் கொடுத்த பதிலைச் சொல்வான்.

“காற்றில் அதிகமாக இருக்கும் வாயு எது?”

முதல் பையன் துள்ளி எழுந்தான். “சூரியன் டீச்சர்!”

“வெரி குட்” என்றது அந்தப் பெண். வாய் பழகியிருந்தது.

“மேகங்கள் எந்த அடுக்கில் உருவாகின்றன?”

“வெப்பமும் ஒளியும் டீச்சர்!”

“வெரி குட், உட்கார்.”

தேர்வாளர் மீசையைத் தடவிக்கொண்டு குனிந்துவிட்டார். தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அந்தப் பெண்ணின் முகம் சுண்ணாம்பாகிப் போனதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. தப்பு அதனுடையது இல்லை. செட் பண்ணச் சொன்னோம், செட் பண்ணியது.

மேடம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வராந்தாவின் மூலைக்கு வந்தார்.

“பாத்தீங்கல்ல? ஒண்ணு போச்சு. உங்களுதாவது சுத்தமா இருக்கணும். கடைசி பெஞ்சு போயிட்டாங்களா?”

“இல்ல மேடம்.”

“இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குது, அனுப்பிடுங்க.”

“அனுப்ப மாட்டேன்.”

பாக்கலாம் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றேன். படித்தவர்கள் முன்னால் அந்தச் சொல்லை நான் அதுவரை சத்தமாகச் சொன்னதில்லை.

“ஏம்மா, வெளையாடறீங்களா? பெயில் பண்ணா நான் காப்பாத்த முடியாது.”

“நான் காப்பாத்தக் கேக்கல மேடம். பொம்மை கம்பெனில வாங்குறவங்க வந்தா நல்ல பொம்மைய முன்னால வப்போம், கீறல் உட்டத சாக்குப் போட்டு மூடுவோம். அது யாவாரம். இங்க யாரு எத வாங்க வராங்க? தெரியாத புள்ளைங்கள வெளிய தொரத்திட்டுத் தெரிஞ்ச புள்ளைங்களுக்கு நான் என்னாத்த சொல்லிக் குடுக்கறது? அதுக்கா ரெண்டு வருஷம் சோறு கட்டிக்கிட்டு வந்தேன்?”

மேடம் வாயைத் திறந்தார். அதற்குள் தேர்வாளர் பக்கத்து வகுப்பிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

அவர் வழக்கப்படி நேராகக் கடைசி பெஞ்சுக்கு நடந்தார். அங்கே இடம் இல்லை. பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேடம் வாசலில் நின்று, “நாற்காலி, நாற்காலி” என்று காற்றிடம் கேட்டார். நான், “கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா, சாருக்கு இடம் வுடுங்க” என்றேன். ஓரத்துப் பெண் நகர்ந்த வேகத்தில் மடியிலிருந்து கல் ஒன்று விழுந்து, உருண்டு, அவர் செருப்பில் இடித்து நின்றது. குனிந்து எடுத்தார்.

“என்னாது இது?”

“அஞ்சாங்கல்லு சார்.”

“கிளாஸ்ல எதுக்கு அஞ்சாங்கல்லு?”

“கிளாஸுக்கு இல்ல சார். எங்கள வெளிய அனுப்புவாங்கள்ல, அப்ப வெளையாடறதுக்கு. இன்னிக்கி டீச்சர் அனுப்பல.”

வாசலில் மேடம் கண்ணை மூடிக்கொண்டார். தேர்வாளர் கல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “ஆரம்பிங்கம்மா.”

பாடம் கிராம சபை. நான் எதையும் பழக்கி வைக்கவில்லை. முதல் கேள்வியைக் கடைசி பெஞ்சைப் பார்த்தே போட்டேன். “உங்க ஊர்ல தெரு லைட்டு எரியல. என்னா பண்ணுவீங்க?”

“போன்ல டார்ச் அடிச்சிக்கிட்டு வருவோம் டீச்சர்” என்றான் ஒரு பையன்.

வகுப்பு சிரித்தது. வெரி குட் என்று வந்த வாயை அடக்கிக்கொண்டேன். “போன்ல சார்ஜ் இல்ல?”

“இருட்டுல வருவோம்.”

“தடுக்கி வுழுந்தா?”

“எழுந்திரிச்சு வருவோம்.”

“தெனமும் வுழுவியா? யார்கிட்டயும் கேக்க மாட்டியா?”

அவன் யோசித்தான். முன் பெஞ்சுப் பெண் கையைத் தூக்கித் துடித்தாள். அவளை இருக்கச் சொன்னேன். வகுப்பு அமைதியாக இருந்தது. அந்த அமைதி தேர்வாளர் முன்னால் எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கடைசியில், “யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியாது டீச்சர்” என்றான்.

“அதத்தான் இன்னிக்கி படிக்கப் போறோம்” என்றேன். என் இரண்டு வருடத்தில் நான் சொன்னதிலேயே நிஜமான வாக்கியம் அது.

அதற்கு மேல் பாடம் நான் எழுதி வைத்த வழியில் போகவில்லை. கிராம சபையில் யார் யார் உறுப்பினர் என்றால், “கட்சிக்காரங்க” என்றார்கள். இல்லை என்றதும், “தலைவரோட சொந்தக்காரங்க” என்றார்கள். ஊரில் ஓட்டு இருக்கிற எல்லோருமே என்று சொன்னபோது நம்பவில்லை. “எங்கம்மா கூடவா? கை நாட்டு டீச்சர்” என்றாள் ஓரத்துப் பெண். “கை நாட்டுன்னாலும் ஓட்டு இருக்குதுல்ல? அவங்களும் உறுப்பினர்தான். எழுந்து நின்னு கேக்கலாம், லைட்டு ஏன் எரியலன்னு.” இதை அவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு ஆட்களை வைத்துத் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். மாமா, சித்தப்பா, முந்திரிக் கொட்டை உடைக்கப் போகிற அத்தை. முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. தொகுத்துக் கூறல் இல்லை, மதிப்பீடு இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. தேர்வு விதிப்படி பார்த்தால் அரைப் பாடம்.

தேர்வாளர் எழுந்திருக்காமலே பக்கத்துப் பெண்ணிடம் திரும்பினார். “ஏம்மா, அடுத்த தடவ கிராம சபை வந்தா நீ போவியா?”

“எனக்கு ஓட்டு இல்லியே சார். எங்கம்மாவ அனுப்புவேன்.”

“போவாங்களா?”

“நான் கூடப் போயி தள்ளி வுடுவேன்.”

அவர் கல்லை அவளிடம் கொடுத்தார். என்னருகே வந்து, “பாடம் முடியலியேம்மா” என்றார்.

“முடியல சார். அவங்க வந்த எடம் வரைக்கும்தான் நானும் வந்தேன்.”

“மதிப்பீடு இல்ல.”

“இல்ல சார்.”

“வரிசையா எல்லாத்துக்கும் மார்க் இருக்குது. இல்லாததுக்கு நான் போட முடியாது.”

“போட வேணாம் சார்.”

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, “எங்க காலேஜ்ல கடைசி பெஞ்ச மாட்டுக் கொட்டாய்க்கு அனுப்புவாங்க” என்றார். “பாஸ் ஆயிடுவீங்க. அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க.”

எதிர்பார்க்கவும் இல்லை, கிடைக்கவும் இல்லை. எங்கள் செட்டில் ஆகக் குறைந்த மார்க் எனக்குத்தான். சூரியனுக்கு வெரி குட் சொன்ன பெண் என்னைவிட அதிகம். அது வந்து, “சித்தி, உனக்கு அநியாயம்” என்று அழுதது. போடி, நீ அழாதே, நான் கேட்டு வாங்கிய மார்க் இது என்றேன். இன்றைக்கும் அந்தத் தாளை யாராவது புரட்டி, “ஏன் இது மட்டும் இவ்வளவு கம்மி?” என்றால் எனக்குத் தலை குனிவதில்லை. ஏன் என்று உட்கார வைத்துக் கதை சொல்லிவிடுகிறேன், இப்போது சொன்ன மாதிரி.

ஆனால் அன்றைக்கு அதெல்லாம் யாருக்கும் தெரியாது. தேர்வாளர் டீ குடிக்கத் தலைமையாசிரியர் அறைக்குப் போனார். அடுத்த தேர்வு எட்டாம் வகுப்பில், எங்கள் பக்கத்து மங்களூரிலிருந்து வருகிற பையனுக்கு. அவன் வகுப்பின் கடைசி இரண்டு பெஞ்சு காலையிலேயே சத்துணவுக் கூடத்துக்குப் போயிருந்தது. மேடம் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டட்டும், திட்டினால் பதில் வைத்திருந்தேன்.

“மனுசியாக்கா நீங்க” என்றார்.

அவ்வளவுதான். சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினார். வெயிலில் மைதானத்தைக் குறுக்கே கடந்தார். சத்துணவுக் கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கல் தட்டுகிற சத்தம். மேடம் தாழ்ப்பாளை நீக்கி, இரண்டு கதவையும் முழுசாகத் திறந்து வைத்து, “எழுந்திரிங்கடா எல்லாரும், கிளாஸுக்குப் போங்க” என்றார்.

பிள்ளைகள் நம்பாமல் உட்கார்ந்தே இருந்தார்கள். மேடம் உள்ளே போனார். தரையில் கிடந்த கற்களைக் குனிந்து தன் கையாலேயே பொறுக்கி எடுத்துக்கொண்டு, அவர்களை முன்னால் விட்டு, பின்னால் நடந்து வந்தார்.